பெயிண்டால் எழுதிய நாட்கள்

ஒரு தொண்டு நிறுவனம் வருடம் முழுவதும் நிதி சேர்க்க எப்படித் திட்டம் போடவேண்டும் என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது பயன்படும் என்று உங்கள் பம்பலப்பிட்டி அலுவலகத்தில் இருந்து போன் எடுத்த தங்கச்சி சொன்னார். இருபத்திரண்டு வருடம் இதே வேலையைச் செய்தவள், இப்போது வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். சும்மாதான் இருக்கிறேன். ஆனால் நான் போட்ட திட்டங்களிலேயே எல்லாரும் மெச்சிய திட்டம்தான் எங்கள் வீட்டை மூடவைத்தது. அதைத்தான் எனக்கு எழுதத் தெரியும். வேறு எதையாவது எழுதினால் உங்களை ஏமாற்றியவளாவேன்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. வாடகை வீடு. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுக்க யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று தூரத்தில் இருந்து கொழும்புக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் தங்க இடமில்லாமல் திண்டாடுவார்கள். அவர்களுக்கு ஒரு கட்டில், மூன்று நேரச் சாப்பாடு, காலையில் ஆஸ்பத்திரியில் விட்டுப் பின்னேரம் கூட்டிவர ஒரு வான். இவ்வளவுதான் எங்கள் சேவை. பன்னிரண்டு கட்டில்கள் இருந்தன. ஒரு சமையல்கார அக்கா, ஒரு டிரைவர், அதற்கு மேல் நான்.

எனக்கு வேலை பழக்கியவர் கொட்டாஞ்சேனைக்காரர். பெயர் வேண்டாம், தன் பெயர் எங்கேயும் வருவதை அவர் விரும்பியதில்லை. நாங்கள் எல்லாரும் சேர் என்றே கூப்பிட்டோம். ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில் மூன்று நாள் அவரை அலுவலகத்தில் காணமுடியாது. கொட்டாஞ்சேனையில் கடை கடையாக ஏறி இறங்குவார். பலசரக்குக் கடை, சலூன், இரும்புக் கடை, நகை பழுது பார்க்கும் சின்னக் கடை, எதையும் விடமாட்டார். எங்கள் வீட்டு மின்சாரக் கட்டணத்தை வைத்து அவர் அதற்கு இட்ட பெயர் லைற் பில் சுற்று. கடை வாசலில் நின்று, "லைற் பில்லுக்கு வந்திருக்கேன்" என்பார். மேசையின் காசு லாச்சி திறக்கும். கையில் வருவதை எண்ணாமல் பைக்குள் போடுவார்.

ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு மானம் போயிற்று. சலூனில் ஒருவர் முகத்தில் சவர்க்கார நுரையோடு இருக்க, நாங்கள் ஓரமாகக் காத்து நின்றோம். சலூன்காரர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, "போன மாசம் கொறைச்சலாத் தந்தேன் சேர், கோவிக்காதீங்க" என்று இரண்டு தாளை நீட்டினார். நான் வெளியே போய் போனைப் பார்ப்பதுபோல் நின்றேன். நான் யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவள், கொழும்பில் நல்ல கம்பனியில் வேலை செய்துவிட்டு வந்தவள். திட்டமிட்டு நிதி சேர்க்க வந்த என்னைக் கடை கடையாக நிற்க வைக்கிறாரே என்று உள்ளுக்குள் கொதித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்லியும்விட்டேன்.

"சேர், இது பிச்சை எடுக்கிறது மாதிரி இருக்கு. வருசத்துக்கு ஒரு ஒழுங்கான பிளான் வேணும்."

"போடுங்க மிஸ், நல்லாப் போடுங்க" என்றார் அவர். "சுற்றையும் விட்டுறாதீங்க."

நான் பிளான் போட்டேன். எங்கள் சனங்களில் இறந்தவருடைய திவசத்துக்கு நாலு பேருக்குச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். அந்தச் சாப்பாட்டை எங்கள் வீட்டில் தாருங்கள் என்று கேட்டால் வருடம் முழுவதும் அடுப்பு எரியும். இதுதான் என் யோசனை. ஒரு கலண்டர் அச்சடித்து, யார் எந்தத் திகதிக்கு என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டு எழுதினேன். முதல் வருடம் அழகாக நடந்தது. இரண்டாம் வருடம் ஒரே மத்தியானத்தில் இரண்டு குடும்பங்கள் இரண்டு வான் சாப்பாட்டோடு வந்து இறங்கின. வெளியே சண்டை, உள்ளே பன்னிரண்டு நோயாளிகளுக்கு அறுபது பேரின் சாப்பாடு. அடுத்த நாள் ஒருவரும் வரவில்லை. பாணும் சம்பலும் கொடுத்தோம்.

திவசம் திதியில் வரும், ஆங்கிலத் திகதியில் வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. என் அப்பாவின் திவசத்தை ஒவ்வொரு வருடமும் ஐயரிடம் கேட்டுத்தான் வைக்கிறேன். ஆனால் அலுவலகக் கதிரையில் உட்கார்ந்து திட்டம் போடும்போது என் வீட்டில் எனக்குத் தெரிந்தது மறந்துபோனது. அன்று சாப்பாட்டோடு வந்த ஒரு பெரியவர் கேட்டார்: "ஏன் பிள்ளை, உங்கட கலண்டரைப் பார்த்தோ என்ர அப்பா செத்தவர்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். அந்தப் பிழை ஒரு நேரச் சாப்பாட்டோடு போனது. அதைத் திருத்தப் போய்ச் செய்த பிழைதான் போகவில்லை.

கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்கு எங்கட உபயம் என்று சொல்லும்போது ஒருவருடைய நெஞ்சு எவ்வளவு நிமிரும் என்பதும் தெரிந்திருக்கும். நான் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன். தமிழ் மாதமும் திதியுமாக முன்னூற்று அறுபது கட்டங்கள் போட்ட ஒரு பெரிய பலகை செய்வித்தேன். மேலே தனி வரிசையில் தைப்பொங்கல், சித்திரா பௌர்ணமி, ஆடி அமாவாசை, நவராத்திரி, தீபாவளி. ஒவ்வொரு கட்டத்திலும் இன்னாரின் ஞாபகமாக, உபயம் இன்ன குடும்பத்தினர் என்று எழுதுவது. திதி வருடாவருடம் அதே திதிதான் என்பதால் ஒரு முறை எழுதினால் போதும். எனக்கு என் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது.

எழுத வந்த பெயிண்ட்காரர், பாஸ் என்று கூப்பிடுவோம், சிங்களவர். தமிழ் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். "மேக்க அவுருது தஹயக் தியெய், மிஸ்" என்றார். பத்து வருடம் நிற்கும் என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற சேருக்குச் சந்தோஷம் இல்லை.

"பெயிண்ட் எதுக்கு மிஸ்? சோக் கட்டியால எழுதுங்க."

"சோக் அழிஞ்சுபோம் சேர்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. வயதான மனிதர், செலவுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பலகை நிறைந்தது. ஆறு மாதத்தில் நிறைந்தது. ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு என்று எங்கள் ஆட்கள் விரதம் பிடிக்கிற நாட்கள் அல்லவா, அந்த இரண்டு கட்டங்களுக்கும் அடிபிடி. சித்திரா பௌர்ணமியைக் காலி வீதியில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டது. நாள் எடுத்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து தாத்தா பெயர் எங்கே இருக்கிறது பார் என்று காட்டினார்கள். படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற நிறுவனங்களில் இருந்து வந்து பலகையைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். உங்களைப் போன்ற இளையவர்களுக்கு நான் வகுப்புக்கூட எடுத்தேன்.

சேருக்கு முழங்கால் இயலாமல் போனது. வேலையை விட்டார். வீட்டில் இருந்து போன் எடுத்து, "சுற்று நிக்கக்கூடாது மிஸ்" என்றார். "பாப்பம் சேர்" என்றேன். நான் போகவில்லை. பலகை நிறைந்திருக்கும்போது சலூன்காரருடைய இரண்டு தாளுக்காக எதற்கு நிற்பது? சில மாதங்களில் சேர் காலமானார். செத்தவீட்டில் கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடை முதலாளி ஒருவர் என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தார். "ஏன் மிஸ், லைற் பில்லுக்கு இப்ப யாரும் வர்றதில்லியே?" என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. சேர் வராத மாதங்களில் அவர் எடுத்து வைத்திருந்தது லாச்சியில் கிடக்கிறதாம். நாளைக்கு ஆள் அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை. என் சோம்பல் அது, வேறு பெயர் வைக்கமாட்டேன்.

பிள்ளைகளே, செத்தவர்களின் பெயரில் சோறு கிடைக்கும், பாயாசம்கூடக் கிடைக்கும். வாடகை கிடைக்காது. எந்த அப்பாவும் டீசலுக்கு ஆசைப்பட்டுச் சாவதில்லை. டிரைவரின் சம்பளம் எங்கள் அம்மாவின் ஞாபகார்த்தமாக என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அந்த ஓட்டையை இத்தனை வருடமும் அடைத்துக்கொண்டிருந்தது கொட்டாஞ்சேனைக் கடைகள்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நிறுத்தினேன்.

சமையல் காஸுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடத்தை எப்படியோ தாண்டினோம். அடுத்த வருடம்தான் முறிந்தது. சாமான் விலை ஏறிய இடத்திலேயே நின்றது. ஒழுங்கையில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வெளிநாடு போனார். புடவைக்கடைக் குடும்பம் அதற்கு முன்பே கடையை விற்றுவிட்டு மொத்தமாக ரொறொன்ரோ போயிருந்தது. ஆனால் பலகையில் எல்லாருடைய பெயரும் இருந்தது, பாஸ் சொன்னதுபோலவே பளிச்சென்று. பல கட்டங்களுக்கு ஒன்றும் வருவதில்லை. புதிதாக யாராவது கேட்டால் அந்த நாளைக் கொடுக்கவும் முடியாது. போன் எடுத்தால், "எங்கட நாளை எங்களுக்கு வையுங்கோ" என்பார்கள். கோயிலில் உபயம் பரம்பரைக்குப் போவதுபோல எங்கள் வீட்டிலும் ஆகிவிட்டது. வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு நிறைந்த பலகை. உள்ளே சமையல்கார அக்கா வெறும் பருப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரருக்கு வாடகை பின்தங்கியது. அந்த இடத்தில் மாடி வீடுகள் கட்ட ஆள் வந்திருக்கிறது, வைகாசி பிறக்க வீட்டைத் தாருங்கள், வாடகையை ஒழுங்காக்கினால் மட்டும் யோசிக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எத்தனையோ மாதம் பொறுத்தவர்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு மகேஸ்வரி வந்தார். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் கட்டி. ஆஸ்பத்திரியில் முப்பது தடவை கதிர்ச் சிகிச்சை சொல்லியிருந்தார்கள். அதை அவர் கரண்ட் வைக்கிறது என்பார். இடையில் நிறுத்தாமல் எடுக்கவேண்டும் என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். கூடவே மகள் சுகந்தி, அப்போது பத்தொன்பது வயது. ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் மகேஸ்வரி தன் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் பேனையால் ஒரு கோடு போடுவார். பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார்.

பின்னேரங்களில் சுகந்தி பலகைக்கு முன்னால் நின்று தாய்க்குப் பெயர்களை வாசித்துக் காட்டுவாள். ஒருநாள் மேல் வரிசையைக் காட்டிக் கேட்டாள்.

"மிஸ், சித்திரா பௌர்ணமி அம்மாவுக்குன்னு ஒரு நாளுங்களா?"

"ஓம் பிள்ளை. தாய் இல்லாத ஆக்கள் தாயை நினைச்சு விரதம் பிடிக்கிற நாள்."

"எங்க தோட்டத்துப் பக்கம் அப்பிடி இல்லீங்க" என்றாள். பக்கத்துக் கதிரையில் இருந்த மகேஸ்வரி, "நல்ல பழக்கம்தானே" என்று சொல்லிவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தார்.

மகேஸ்வரியின் அட்டையில் ஐந்து கோடு விழுந்திருந்த நாள், கொட்டாஞ்சேனை முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். வீடு போகப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பலகையை மெதுவாக மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"மூணு மாசத்துக்கு வாடகை, லைற் பில், டீசல் எல்லாம் நான் பாத்துக்கிறேன் மிஸ். சேர் நடத்துன எடம், மூடக்கூடாது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்."

"சொல்லுங்கோ முதலாளி."

"எங்கம்மா தையில தவறிட்டாங்க. சித்திரா பௌர்ணமிக் கட்டத்துல அவங்க பேரு வரணும்."

ரொறொன்ரோவில் இருந்து இரண்டு வருடமாக அந்த நாளுக்கு ஒரு சதம் வரவில்லை. எந்த மடையனும் உடனே சரி என்றிருப்பான். நான் இரண்டு நாள் தவணை கேட்டேன். ஏனென்றால் நான் ஒழுங்கானவள், முறை தெரிந்தவள். உரிமைக்காரரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன். அன்று இரவு ரொறொன்ரோவுக்கு வட்ஸ்அப்பில் பேசினேன். அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் எடுத்தார்.

"அக்கா, அது எங்கட அம்மான்ர நாள். போர்ட்டில பேர் இருக்குத்தானே?"

"பேர் இருக்குத் தம்பி. இரண்டு வருசமா ஒண்டும் வரேல்லை. அதுதான்..."

"இஞ்சயும் கஷ்டம் அக்கா. வீட்டுக் கடன் ஏறிப்போச்சு. இந்த முறை கட்டாயம் அனுப்புவன். ஆனா அதை வேற ஆருக்கும் குடுக்கப்படாது. குடுத்தா எங்கட சொந்தக்காரர் ஒருத்தரும் பிறகு உங்கட படி மிதிக்கமாட்டினம்."

பலகையில் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு நிறையக் கட்டங்கள் இருந்தன. அவ்வளவு பேரையும் இழந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். அவர்களில் பாதிப்பேரிடம் இருந்து ஏற்கெனவே ஒன்றும் வருவதில்லை என்பதை அந்த நேரத்தில் என் மனம் கணக்கில் எடுக்கவில்லை. பெயர்கள் பெயிண்டில் இருந்தன, ஆகவே ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பினேன்.

முதலாளி திரும்பி வந்தபோது பௌர்ணமிக்கு அடுத்த நாளைத் தருவதாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அம்மாவோட நாளுக்கு அடுத்த நாளா மிஸ்?"

"என்னாலை வேற ஒண்டும் செய்யேலாது முதலாளி. அது அவையின்ர உபயம்."

"பெயிண்ட்தானே மிஸ். தின்னர் போட்டுத் துடைச்சாப் போயிரும்." சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பைப் போடும்போது மறுபடியும் ஒருமுறை பலகையைப் பார்த்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

அவர்மேல் எனக்கு நீண்ட நாள் ஆத்திரம் இருந்தது. நல்ல காரியத்துக்கு விலை பேசினாரே என்று பலரிடம் சொல்லித் திரிந்தேன். பிறகு மெல்லத்தான் உறைத்தது. அந்த மனிதர் எத்தனையோ வருடம் பெயரும் இல்லாமல் பற்றுச்சீட்டும் இல்லாமல் எங்கள் விளக்கை எரியவைத்தவர். ஒரே ஒரு முறை தாயின் பெயரைக் கேட்டார். கொடுப்பவர்கள் எல்லாருக்கும் பெயர் கேட்கப் பழக்கியதே என் பலகைதான். இன்னொன்றும் சொல்கிறேன், சிரியுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டு தாய்மாரின் பெயரை எழுதியிருக்கலாம். இடம் இருந்தது. இந்த யோசனை எனக்கு வீடு மூடி ஒரு வருடம் கழித்து, குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது வந்தது. நெருக்கடியில் எங்களுக்கு இரண்டு வழிதான் தெரியும், ஆம் அல்லது இல்லை. மூன்றாவது வழியைக் காட்ட அன்றைக்கு என் பக்கத்தில் ஆள் இல்லை. முன்பு இருந்த சேருடைய பேச்சையும் நான் கேட்கவில்லை.

சித்திரா பௌர்ணமி அன்று காலையில் இருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ரொறொன்ரோவில் இருந்து ஒரு செய்தி வந்தது. அம்மன் படத்தோடு காலை வணக்கம். அவ்வளவுதான். சமையல்கார அக்கா இருந்த அரிசியைப் போட்டுச் சித்திரைக் கஞ்சி காய்ச்சினார். சுகந்தி தாய்க்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போகும்போது, "அந்தக் குடும்பத்துக்காரங்க இன்னிக்கு வரலீங்களா மிஸ்?" என்று கேட்டாள். பிந்தி வருவார்கள் என்றேன். அந்தப் பிள்ளை நம்பி, பின்னேரம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வைகாசி பிறந்தது. அதற்குள் எத்தனை கடிதம் எழுதினேன், எத்தனை பேரின் வாசலில் நின்றேன் என்று சொல்லி உங்கள் இரக்கத்தைக் கேட்கப்போவதில்லை. கொட்டாஞ்சேனைக்கும் போனேன். சலூன் பூட்டிக் கிடந்தது. இரும்புக் கடைக்காரருக்கு என்னை யார் என்று தெரியவில்லை. முதலாளியின் கடை வாசல்வரை போய், உள்ளே ஏற முகமில்லாமல் திரும்பிவிட்டேன்.

மற்ற நோயாளிகளில் சிலருக்குச் சிகிச்சை முடிந்திருந்தது. சிலர் கொழும்பில் உள்ள சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள். மகேஸ்வரிக்குக் கொழும்பில் ஒருவரும் இல்லை. கரண்ட் வைக்க வருபவர்களை வாட்டில் படுக்க வைப்பதில்லை, வீட்டில் இருந்து வந்து போகவேண்டும். தங்குவதற்கு அறை எடுக்க அவர்களிடம் வசதி இல்லை. அன்று காலை அவர் கொப்பியைத் திருப்பி அட்டையை எனக்குக் காட்டினார். பத்தொன்பது கோடுகள்.

"இன்னும் பதினொண்ணுதாங்க மிஸ்."

"கொஞ்ச நாளைக்குத்தான் பூட்டுறம். திறந்ததும் நான் கூப்பிடுறன்" என்றேன். திறக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவர் என் கையைப் பிடித்து, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "பரவாயில்லீங்க மிஸ், நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். சுகந்தி என் போன் நம்பரை எழுதிக்கொண்டாள். இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பப் புறக்கோட்டை பஸ்ஸுக்குப் போனார்கள்.

நான் என்ன பண்ணியிருக்கலாம் என்று இப்போது சொல்கிறேன். என் வீடு அந்த ஒழுங்கையில் இருந்து நடந்து ஐந்து நிமிடம். மகன் லண்டனுக்குப் போனதில் இருந்து அவனுடைய அறை சும்மா கிடக்கிறது. கட்டில் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. பதினொரு நாள். ஆஸ்பத்திரிக்கு பஸ் இருக்கிறது, கையைப் பிடித்து ஏற்றி இறக்க எனக்கு உடம்பும் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுத்தேன் என்றால்கூட ஒரு நியாயம் தேடலாம். தோன்றவே இல்லை. பன்னிரண்டு கட்டிலுக்கும் முன்னூற்று அறுபது கட்டத்துக்கும் யோசித்துப் பழகிய எனக்கு ஒரு மனுசிக்கு யோசிக்கத் தெரியாமல் போனது.

அவர்கள் போன அன்று பின்னேரம் டிரைவரும் நானும் பலகையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தோம். எறிய மனம் வரவில்லை. வேறெங்கும் வைக்க முடியாத நீளம். மகனுடைய கட்டிலில் கிடத்தினோம். அந்தப் பலகைக்கு என் வீட்டில் இடம் இருந்தது.

எப்படியும் மூடத்தான் வேண்டியிருந்திருக்கும், நாட்டு நிலைமை அப்படி என்று எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். மூன்று மாதம் கழித்து மூடியிருப்போம். எனக்குத் தேவைப்பட்டது மூன்று மாதம்கூட இல்லை.

உங்களுக்கு அறிவுரை வேண்டுமென்றால் இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. சோக்கால் எழுதுங்கள். சலூனில் நில்லுங்கள். நிறைந்த பலகையைப் பார்த்து யாராவது உங்களைப் பாராட்டினால் குசினிக்குள் போய்ப் பானையைத் திறந்து பாருங்கள். இவற்றைச் செய்தாலும் உங்கள் வீடு மூடப்படலாம், அதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். இந்த வேலையில் எனக்கு நம்பிக்கை மிச்சமில்லை, இருப்பதுபோல் நடிக்கவும் இந்த வயதில் இயலாது.

இதை இத்தோடு முடித்து அனுப்பிவிடலாம் என்றுதான் போன கிழமை நினைத்திருந்தேன். அப்போது ஒரு புது நம்பரில் இருந்து போன் வந்தது.

"மிஸ்ஸுங்களா? நான் சுகந்தி பேசுறேன். மகேஸ்வரி மக. ஞாபகம் இருக்குங்களா?"

ஞாபகம் இருக்கிறது என்றேன். தாய் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். தோட்டத்துக்குப் போய் ஏழெட்டு மாதத்தில் கட்டி திரும்ப வளர்ந்ததாம். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறதாம். அவள் இப்போது கொழும்புக்கு வந்து, தெமட்டகொடையில் அறை எடுத்துக்கொண்டு ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள்.

"வீடு தொறந்ததும் கூப்பிடுறேன்னு சொன்னீங்க மிஸ். நாங்க நம்பர மாத்திட்டோம், அதான் உங்களுக்குக் கெடைச்சிருக்காது. இப்ப நடக்குதுங்களா மிஸ்?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் அவசரமாகத் தொடர்ந்தாள். கேட்க வெட்கப்படுகிற ஒன்றை ஒரே மூச்சில் கேட்பவர்களின் அவசரம் அது.

"ஒரு நாளு சாப்பாடு குடுக்கணும் மிஸ். அம்மா பேருல. சேத்து வச்சிருக்கேன். சித்திரா பௌர்ணமி கெடைக்காதுன்னு தெரியும், அது பெரிய குடும்பத்துக்காரங்களோடது. போர்ட்ல பாத்திருக்கேன். இருந்தாலும் கேட்டுப் பாப்போமேன்னு... அந்த நாளு காலியா இருக்குங்களா மிஸ்?"

போனோடு மகனுடைய அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. பல வருடப் பழக்கம், நாள் கேட்டால் பலகையைப் பார்ப்பது. கட்டிலில் தூசி படிந்து கிடந்தது. மேல் வரிசையில் இரண்டாவது கட்டம், உபயம், அந்தக் குடும்பத்தின் பெயர். பெயிண்ட் ஒரு இடத்திலும் உரியவில்லை.

"ஓம் பிள்ளை" என்றேன். "காலியாத்தான் இருக்கு."

வீடுதான் இல்லை என்று அடுத்ததாகச் சொல்ல இருந்தேன். அதற்குள் அவள், "ஐயோ, நன்றிங்க மிஸ், அம்மா சந்தோசப்படுவாங்க" என்று அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாள்.

திரும்ப எடுத்துச் சொல்லவேண்டும். இன்னும் சொல்லவில்லை. சித்திரா பௌர்ணமிக்கு ஐந்து கிழமை இருக்கிறது. திட்டம் போடத் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று எனக்கு எழுதுங்கள்.